மதுரையில 15 டிகிரி எப்ப வரும்?

முதல்ல ஒரு சின்னக் கேள்வி. நம்ம ஊர்ல வெப்பநிலை 15 டிகிரிக்கு இறங்குறது எந்த மாசம்?

மே மாசம் மாட்டுத்தாவணியில பஸ்ஸுக்கு நிக்கிறவங்ககிட்ட இதைக் கேட்டீங்கன்னா, "வெயில் மண்டையில ஏறிருச்சு போல"ன்னு உங்களை நிழல்ல உக்கார வச்சுருவாங்க. மார்கழி விடியக்காலையில, கோலம் போடுற அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போத்திக்கிற நேரத்துலகூட 15-ஐத் தொடுறது அபூர்வம்.

ஆனா நாம தெர்மல் பேப்பர்ல படிக்கிற கேஸ் டர்பைன் இருக்கே, அதோட திறனை உலகம் முழுக்க அளந்து சொல்றது அந்த 15 டிகிரியிலதான். காற்று 15 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம், கடல் மட்டம். இதுதான் சர்வதேச அளவுகோல். கேட்லாக்ல 60 மெகாவாட்னு போட்டிருந்தா, அந்தக் குளிர்ல 60 மெகாவாட். அதே மெஷினை 40 டிகிரி வெயில்ல ஓட்டினா? மாடலைப் பொறுத்து, ஒரு டிகிரி கூடும்போது சுமார் அரை சதவீதத்துலேர்ந்து முக்கால் சதவீதம் வரைக்கும் சக்தி குறையும். 25 டிகிரி வித்தியாசத்துக்கு நீங்களே கணக்குப் போடுங்க. 60-ல ஏழெட்டு மெகாவாட்டாவது போயிரும், பதினொண்ணுகூடப் போகலாம். அதுவும் எப்ப? ஊரே ஏ.சி.யைப் போட்டுட்டு, கரண்ட் அதிகமா வேணும்னு கேக்குற அதே மத்தியானத்துல.

இந்தக் கட்டுரை அந்தக் காணாமப்போன மெகாவாட்டைப் பத்தினது. அதாவது, மேற்படிப்பைப் பத்தினது.

எதுக்கு எம்.இ.?

ஃபைனல் இயர்ல இருக்கிற எல்லாருக்கும் இந்தக் காட்சி தெரியும். பிளேஸ்மென்ட்ல கிடைச்சவன் சாஃப்ட்வேருக்குப் போயிட்டான். கிடைக்காதவன்கிட்ட சொந்தக்காரங்க கேக்குறாங்க, "அடுத்து என்ன தம்பி?" அவன் வாயில வர்ற முதல் பதில்: "எம்.இ. பண்ணலாம்னு இருக்கேன்." என்ன எம்.இ.ன்னு கேட்டா, "தெர்மல்... இல்லன்னா பவர்... எது கிடைக்குதோ அது."

நான் அவனைக் கிண்டல் பண்ணல. போன செமஸ்டர் வரைக்கும் நானும் அவன்தான். இன்னும் ஒண்ணை ஒத்துக்கிறேன். என் மினி ப்ராஜெக்ட் தலைப்பு டவுன்ல ஒரு ப்ராஜெக்ட் சென்டர்ல எடுத்தது. ஃபைலைத் திறந்து பத்து தலைப்பு காட்டினாங்க, விலை கம்மியா இருந்ததை எடுத்தோம். கேஸ் டர்பைன் சுழற்சியோட செயல்திறன் ஆய்வு. ரிப்போர்ட் அழகா பைண்ட் ஆகி வந்துச்சு. வைவாவுல எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உள்ள வர்ற காத்து 15 டிகிரின்னு எடுத்திருக்கீங்களே, எந்த ஊர் காத்து தம்பி இது?"

நாங்க நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். மார்க் போட்டு அனுப்பிட்டார். ஆனா அந்தக் கேள்வி மட்டும் என்னை விடல.

நான் சொல்ல வர்றது இதுதான். மேற்படிப்புங்கிறது இன்னும் ரெண்டு வருஷம் க்ளாஸ்ல உக்கார்றது இல்ல. ஒரு கேள்வியோட ரெண்டு வருஷம் குடித்தனம் நடத்துறது. கேள்வி இல்லாமப் போனா, பி.இ.யில வாங்கின அதே தூக்கத்தை இன்னும் நாலு செமஸ்டர் வாங்குவோம், அவ்வளவுதான். கேஸ் டர்பைன், பவர் இன்ஜினியரிங் துறையில நம்ம ஊர் மண்ணுலயே தீராத கேள்விகள் கிடக்கு. அதைத்தான் யாரும் குனிஞ்சு எடுக்க மாட்டேங்கிறோம்.

சூடான காத்துல ஏன் சக்தி குறையுது?

1939-ல சுவிட்சர்லாந்தில் நௌஷாடெல் என்ற ஊரில், பொதுமக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் முதல் கேஸ் டர்பைன் ஓடியது. வெளியே கொடுத்தது 4 மெகாவாட். ஆனால் டர்பைன் மட்டும் உற்பத்தி செய்த சக்தி 15 மெகாவாட்டுக்கு மேல். மீதி எங்கே போனது? கம்ப்ரசர் சாப்பிட்டுவிட்டது. சம்பாதித்ததில் ஏறக்குறைய முக்கால் பங்கு, அடுத்த மூச்சுக் காற்றை அமுக்கவே செலவு. செயல்திறன் 18 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

இன்றைக்கு கம்ப்ரசர் எவ்வளவோ தேறிவிட்டது. வெளியேறும் சூட்டில் நீராவி காய்ச்சி இன்னொரு டர்பைனையும் சுற்ற வைக்கும் கூட்டுச் சுழற்சி நிலையங்கள் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. 2016-ல் பிரான்சின் புஷான் நிலையம் 62.22 சதவீதம் தொட்டது. ஆனால் அடிப்படை மாறவில்லை. இன்றும் டர்பைன் சம்பாத்தியத்தில் ஏறக்குறைய பாதி கம்ப்ரசருக்குத்தான் போகிறது.

இப்போது 40 டிகிரி காற்றை உள்ளே விடுங்கள். சூடான காற்று லேசானது. ஒரு கன மீட்டர் காற்றின் எடை 15 டிகிரியில் 1.225 கிலோ, 40 டிகிரியில் 1.13 கிலோ கூட வராது. மெஷின் ஒவ்வொரு நொடியும் இழுக்கும் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான், ஆக உள்ளே போகும் காற்றின் எடை குறைகிறது. அது முதல் அடி. சூடான காற்றை அமுக்க, கிலோவுக்கு அதிக வேலை தேவை. அது இரண்டாவது அடி. வரவும் குறைஞ்சு செலவும் கூடினா வீடு என்ன ஆகும்? அதேதான் மெஷினுக்கும்.

சரி, காத்தைக் குளிர வச்சு உள்ள அனுப்பிட்டா? இங்கதான் நம்ம ஊர் வருது.

மண்பானையும் தண்ணியில்லாக் காடும்

ராமேஸ்வரம் போற ரோட்டுல, ராமநாதபுரம் தாண்டினதும் வழுதூர். தமிழ்நாடு மின்வாரியத்தோட கேஸ் டர்பைன் நிலையம் அங்க இருக்கு. ரெண்டு கட்டமா கட்டினது, மொத்தம் 187 மெகாவாட் அளவு. அந்தப் பக்கத்துப் பூமியிலேயே கிடைக்கிற இயற்கை வாயுதான் எரிபொருள். நம்மில் பல பேர் ராமேஸ்வரம் டூர் பஸ்ல பாட்டுக்கு ஆடிக்கிட்டே அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கோம்.

காற்றைக் குளிர்விக்க மலிவான வழி தண்ணீரை ஆவியாக்குவது. மண்பானைத் தண்ணி ஏன் சில்லுனு இருக்கோ, அதே விஷயம். மதுரையின் மே மாச மத்தியானம் வறண்ட காற்று. மண்பானை வித்தை நன்றாக வேலை செய்யும். ஆனால் கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிற்கிறது. அங்கே அதே வித்தையின் பலன் குறையும். அதோட, தண்ணி வேணும். ராமநாதபுரத்துக்கே "தண்ணியில்லாக் காடு"ன்னு பேரு. ஊர் குடிக்கத் தண்ணி தேடுறப்ப டர்பைனுக்கு எங்கேருந்து கொடுப்பது?

வீணாகும் சூட்டை வைத்தே குளிரூட்டும் சில்லரை ஓட்டலாமே என்று கேட்கலாம். நல்ல யோசனை. ஆனால் கூட்டுச் சுழற்சி நிலையத்தில் அந்தச் சூடு வீணாகவில்லை, நீராவி காய்ச்சப் போகிறது. அதில் கை வைத்தால் நீராவி டர்பைனில் குறையும். எவ்வளவு எடுத்தால் லாபம், எதற்கு மேல் எடுத்தால் நஷ்டம்? எந்த மாதம், எந்த மணி நேரத்தில்? இதுக்கு விடை எந்தப் பாடப்புத்தகத்துலயும் இல்ல. ஏன்னா புத்தகம் எழுதினவருக்கு ராமநாதபுரத்துச் சித்திரை வெயில் தெரியாது.

இன்னொரு கேள்வி, உப்பு. கடற்காற்றில் இருக்கும் சோடியமும் எரிபொருளில் இருக்கும் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்ஃபேட் ஆகி, சூடான பிளேடின் மேல் படிந்து அரிக்கும். வடிகட்டி இருக்கிறது. ஆனால் நம் சமவெளிப் புழுதியும் கடல் உப்பும் சேர்ந்து வரும் காற்றுக்கு எது சரியான வடிகட்டி, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது?

மூணாவது கேள்வி கமுதியில இருக்கு. 2016-ல் அங்கே 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. பகல் முழுக்க கொட்டுகிற மின்சாரம் சாயங்காலம் சூரியன் இறங்கியதும் நின்றுவிடும். வீட்டில் லைட் எரியும் நேரம் அதுதான். குளிர்ந்து கிடக்கும் நிலக்கரி நிலையத்தை எழுப்ப பல மணி நேரம் ஆகும்; தனியாக ஓடும் கேஸ் டர்பைன் அரை மணி நேரத்துக்குள் முழு வேகத்துக்கு வந்துவிடும். ஆனால் தினமும் எழுப்பி, தினமும் அணைத்தால் அதன் உலோகம் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, களைத்து வெடிப்பு விடும். ஒவ்வொரு ஸ்டார்ட்டும் பிளேடின் ஆயுளில் எத்தனை மணி நேரத்தைத் தின்கிறது?

பாத்தீங்களா, மூணு தீசிஸ். ப்ராஜெக்ட் சென்டர் ஃபைல்ல இதுல ஒண்ணுகூட இருக்காது.

காவிரி சொல்ற பாடம்

"இதெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனி பாத்துக்கும், நமக்கென்ன"ன்னு தோணலாம். அதுக்குத்தான் காவிரிக் கதை.

நம்ம ஆத்தோட பேரை வச்ச அந்த ஜெட் என்ஜின் திட்டத்துக்கு 1989-ல் ஒப்புதல் கிடைத்தது. பெங்களூரில் உள்ள பாதுகாப்புத் துறையின் கேஸ் டர்பைன் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பொறுப்பு. தேஜஸ் போர் விமானத்துக்குள் அதை வைப்பது நோக்கம். ஆனால் 2001-ல் தேஜஸ் முதல்முறை பறந்தபோது உள்ளே இருந்தது அமெரிக்க எஃப்-404. 2008-ல் காவிரியைத் தேஜஸிலிருந்தே பிரித்துவிட்டார்கள். தேவையான உந்துவிசை வரவில்லை, எடை கூடுதல். பறக்கும் நிலையில் சோதிக்க நம்மிடம் வசதி இல்லாததால் 2010-ல் ரஷ்யாவுக்குக் கொண்டுபோய் அவர்களுடைய ஐ.எல்.-76 விமானத்தில் மாட்டிப் பறக்கவிட்டார்கள்.

விளைவு என்ன? 2021-ல் தேஜஸுக்காக 99 என்ஜின்களுக்கு அமெரிக்காவிடம் ஆர்டர் கொடுத்தோம். முதல் என்ஜின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில். கையில காசு இருந்தும், விமானம் தயாரா இருந்தும், என்ஜினுக்காகக் காத்துக் கிடந்தோம்.

இதைச் சொல்லி நம்ம விஞ்ஞானிகளைக் குறை சொல்றவங்க நிறைய. நான் அந்தக் கூட்டத்துல இல்ல. என்ன கஷ்டம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நவீன டர்பைனுக்குள் நுழையும் வாயுவின் வெப்பம் 1500 டிகிரிக்கும் மேல். அதன் குறுக்கே நிற்கும் பிளேடின் நிக்கல் கலவை அதற்கும் குறைவான வெப்பத்திலேயே உருகிவிடும். உருகாமல் நிற்பதற்குக் காரணம், பிளேடுக்குள் ஓடும் குளிர்காற்று, அதன் மேல் தோலில் உள்ள நுண்துளைகள், வெப்பம் தாங்கும் பூச்சு, பிறகு முழு பிளேடையும் ஒரே படிகமாக வார்க்கும் கலை. சாதாரண உலோகத்தில் படிகத் துகள்களுக்கு இடையே உள்ள எல்லைகள்தான் சூட்டில் முதலில் நழுவும். எல்லையே இல்லாமல் வார்த்துவிட்டால் அந்தப் பலவீனம் இல்லை. 2021-ல் ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் ஹெலிகாப்டர் என்ஜினுக்காக அப்படி 60 ஒற்றைப் படிக பிளேடுகளை வார்த்து எச்.ஏ.எல்.லிடம் கொடுத்தது. ஆக முடியாதது இல்ல. ஆனா இந்த அறிவு டிராயிங்கை வாங்கினா வர்றது இல்ல. வார்த்து, உடைச்சு, ஏன் உடைஞ்சதுன்னு பாத்து, மறுபடி வார்த்தவன் கையில மட்டும் இருக்கும். அதை யாரும் விக்க மாட்டாங்க.

தென்கொரியாவைப் பாருங்கள். 2013-ல் தொடங்கி, 2019-ல் தூசான் நிறுவனம் 270 மெகாவாட் கேஸ் டர்பைனைச் சொந்தமாகச் செய்து முடித்தது. அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான், இத்தாலிக்கு அடுத்து ஐந்தாவது நாடு. அந்த முயற்சியில் கம்பெனி மட்டும் இல்லை, பல்கலைக்கழகங்களும் பங்காளிகள். அதாவது நம்மளை மாதிரி எம்.இ. பசங்களோட தீசிஸும் அந்த மெஷினுக்குள்ள இருக்கு.

"அதெல்லாம் சரி, வேலை?"

நியாயமான கேள்வி. மழுப்பாமச் சொல்றேன்.

இந்தியாவில் சுமார் 20,000 மெகாவாட் அளவுக்கு வாயு மின்நிலையங்கள் இருக்கு. அதுல பெரும்பகுதி வருஷத்துல பாதி நாள்கூட ஓடுறதில்ல. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் எதிர்பார்த்த வாயு 2010-க்குப் பிறகு குறைந்துபோனது. இறக்குமதி வாயு விலை கட்டுப்படியாகல. அதனால "எம்.இ. முடிச்சதும் கேஸ் பவர் பிளான்ட்ல உக்காந்துரலாம்"னு நினைச்சா ஏமாந்துருவீங்க. எனக்குத் தெரிஞ்ச சீனியர் ஒருத்தர் எம்.இ. தெர்மல் முடிச்சுட்டு இப்ப இன்சூரன்ஸ் கம்பெனியில இருக்கார். அவர் சொன்னது: "பாடத்துல தப்பு இல்ல தம்பி. ரெண்டு வருஷத்துல நான் எதையும் என் கையால செஞ்சு பாக்கல. இன்டர்வியூல அது ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுருது."

அதுதான் விஷயம். இந்தத் துறையில படிப்போட பேருக்கு வேலை இல்ல. செஞ்ச வேலைக்குத்தான் வேலை. எரிதல், வெப்பப் பரிமாற்றம், பாய்ம ஓட்டம், சூட்டில் உலோகம் எப்படி நடந்துகொள்கிறது — இந்த நாலில் ஒன்றை உண்மையாகக் கற்றவனுக்குக் கதவு ஒன்று மட்டும் இல்லை. பெங்களூரின் ஆராய்ச்சிக்கூடங்கள், எச்.ஏ.எல்., ஹைதராபாத், திருச்சி பெல் என்று பட்டியல் நீளும். 2024 மே மாதம் சென்னை அக்னிகுல் நிறுவனம் 3டி பிரின்டிங்கில் செய்த ராக்கெட் என்ஜினைப் பறக்கவிட்டதே, அதுவும் எரிதல் தெரிஞ்சவங்க வேலைதான். இன்னொரு பக்கம், டேட்டா சென்டர்களுக்குக் கரண்ட் வேணும்னு இப்ப உலகம் முழுக்க கேஸ் டர்பைனுக்கு ஆர்டர் குவியுது; வருஷக்கணக்குல காத்திருக்காங்க. செத்துப்போன துறைன்னு இதைச் சொல்ல முடியாது.

அடுத்து, காசு. கேட் மார்க்கோட எம்.டெக். சேர்ந்தா மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. மதுரை மெஸ்ல சாப்பிட்டு, வீட்டுக்கு பாரமில்லாமப் படிக்க அது போதும். திருச்சி என்.ஐ.டி.யில் தெர்மல் பவர் இன்ஜினியரிங் தனிப் படிப்பாகவே இருக்கு. சென்னை ஐ.ஐ.டி.யில் எரிதலுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கு. மின்கட்டமைப்புப் பக்கம் மனசு போனா, நம்ம ஊர் தியாகராசரிலேயே பவர் சிஸ்டம்ஸ் எம்.இ. இருக்கு. கேட் சரியா வரலன்னா நம்ம மாநிலத்துக் கல்லூரிகளுக்கு சீட்டா-பி.ஜி. தேர்வு இருக்கு. வெளிநாடுன்னா இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் இந்தத் துறைக்குப் பேர்போன இடம். ஆனா ஒண்ணு: வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வைக்கிறதுக்கு முன்னாடி, என்ன கேள்வியோட போறோம்னு ஒரு பக்கம் எழுதிப் பாருங்க. எழுத வரலன்னா ஒரு வருஷம் பொறுங்க. பத்திரம் அப்பா பீரோவிலயே பத்திரமா இருக்கட்டும்.

இந்த லீவுல ஒரு வேலை

சேர்றதா வேண்டாமான்னு முடிவு பண்ண உங்களுக்கு ஒரு சோதனை சொல்றேன். நான் செஞ்சு பாத்தது. செலவு ஒரு எக்ஸல் ஷீட்.

மதுரையோட ஒரு வருஷ வெப்பநிலை, ஈரப்பதம், மணிக்கணக்குல எடுத்துக்கோங்க. தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்துல இருக்கிற அதே சாதாரண பிரேட்டன் சுழற்சியை வச்சு, ஒவ்வொரு மணி நேரமும் ஒரு மெஷின் எவ்வளவு கொடுக்கும்னு போடுங்க. பிறகு மண்பானைக் குளிர்ச்சியைச் சேருங்க. எவ்வளவு மெகாவாட் திரும்ப வருது, அதுக்கு எத்தனை லிட்டர் தண்ணி போகுதுன்னு பாருங்க. பிறகு ராமநாதபுரத்துக்கு அதையே போடுங்க.

எனக்கு மூணு ராத்திரி ஆச்சு. முதல் ராத்திரி போட்டது தப்பு, கம்ப்ரசர் வேலையை டிகிரியிலேயே கணக்குப் போட்டுட்டேன், கெல்வினுக்கு மாத்த மறந்துட்டேன். மூணாவது ராத்திரி ரெண்டு ஊர் கோடும் ஸ்கிரீன்ல தனித்தனியா பிரிஞ்சு நின்னப்ப மணி ரெண்டரை. ஹாஸ்டல்ல கரண்ட் போயிருச்சு. லேப்டாப் வெளிச்சத்துல அந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். நாலு வருஷத்துல முதல் தடவையா, விலைக்கு வாங்காத ஒரு விடை என்கிட்ட இருந்துச்சு.

அதைச் செய்றப்ப கொட்டாவி வந்தா, உங்களுக்கு இந்தத் துறை வேண்டாம். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. சாஃப்ட்வேர்காரன் நிம்மதியாவே இருக்கான். ஆனா தூக்கம் போச்சுன்னா, தைரியமாச் சேருங்க. சொந்தக்காரங்க "அடுத்து என்ன தம்பி?"ன்னு கேட்டா, படிப்போட பேரைச் சொல்லாதீங்க. கேள்வியைச் சொல்லுங்க.

எக்ஸ்டர்னல் சார், இதைப் படிக்கிறீங்களான்னு தெரியாது. படிச்சா, பதில் இதுதான்: அது எந்த ஊர் காத்தும் இல்ல சார். அடுத்த தடவை மதுரைக் காத்தைக் கொண்டு வர்றேன்.